டி விட் பரம்பரையைத் தேடிய கதை

நூலகத் தகவல் மேசையில் இருப்பவளுக்குப் புத்தகம் தெரிந்தால் போதாது, கேட்க வந்தவரின் மனமும் தெரியவேண்டும். பதில் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? எண்பதுகளில், மேற்கு ஆக்லாந்தில் ஒரு சின்ன நூலகத்தில் எனக்கு அந்த வேலை.

டீயா, டபிள்யூவா?

கிளென் ஈடனில் தக்காளி வளர்த்த ஹாலந்துக்காரர் டி விட். எழுபதாவது பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளைகள் கூடும்போது, தன் குடும்பப் பெயரைத் தாங்கிய பெரிய மனிதர்களின் பட்டியலை மண்டபச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார். நூற்றாண்டுக்கு ஒருவராவது வேண்டுமாம். நான் அட்டைப் பட்டியலில் 'டீ' எழுத்து இழுப்பறையைத் திறந்தேன். தடுத்தார். 'டி' வெறும் ஒட்டு, தங்கள் ஊரில் 'விட்' என்றுதான் தேடுவார்கள் என்றார். 'டபிள்யூ' இழுப்பறையில் ஒருவரும் இல்லை. அன்று முழுக்க இரண்டுக்குமாக நடந்தேன். போகும்போது சொன்னார்: "முப்பது வருடமாக இந்த நாடு என்னைத் தப்பான இடத்தில்தான் வைத்திருக்கிறது."

பால்காரர்

மூன்று வாரத்தில் நான்கு பேர் அகப்பட்டார்கள். கடல் வரைபடம் போட்டவர், பூக்களை மட்டுமே வரைந்த ஓவியர், பேர்போன பாதிரியார், பனிக்கட்டியில் சறுக்கி ஓடிய வீரர். ஒரு நூற்றாண்டு மட்டும் காலி. அதற்கும் ஒருவர் கிடைத்தார்: பாலில் தண்ணீர் கலந்ததற்காகச் சந்தையில் கட்டிவைக்கப்பட்டவர். காட்டுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்து, தயங்கித் தயங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார். "இவர்தான் உண்மையில் எங்கள் ஆள் போலிருக்கிறது. என் அப்பாவும் பால்காரர்தான்."

லின்ஃபீல்ட்காரர்

'டி விட் என்ற பெயருள்ளவர்கள் தகவல் மேசைக்கு வரவும்' என்று பலகையில் ஒட்டியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, என் நிறத்திலேயே ஒருவர் வந்து நின்றார்.

"பிள்ளை யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நானும் டி விட்தான்."

ஹாலந்துக்காரர் இலங்கையை ஆண்ட காலத்து வழிவந்த பறங்கியர். கொடிகாமத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, இப்போது லின்ஃபீல்டில் மகளோடு இருந்தார். ஒரு தாளை விரித்தார். யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்த சிப்பாய் தொடங்கித் தன் வரைக்கும் எல்லாப் பெயரும் அதில் வரிசையாக இருந்தன.

கிளென் ஈடன்காரர் வருகிற நேரம் அது. 'டி விட்' என்றால் 'வெள்ளையர்' என்று எனக்குத் தெரியும். இவரைப் பார்த்து அவர் ஏதும் சொல்லிவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார், கைகுலுக்கினார், தாளை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழிருந்து மேலே வாசித்தார். தன் பட்டியலில் இருந்த ஒருவரோடும் தனக்கு உறவு என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடைசியில் என்னைப் பார்த்தார். "என்னிடம் பெயர் இருக்கிறது. இவரிடம்தான் குடும்பம் இருக்கிறது."

மண்டபம்

பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சுவரில் ஓவியருக்கும் பாதிரியாருக்கும் கீழே, தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டரின் படமும் தொங்கியது. தலைமுடி வெள்ளிக்கம்பி போலிருந்த ஒரு பேத்தி படத்தையும் அதன் கீழே கேக்கோடு நின்ற அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்கள் பெயருக்கு வெள்ளையர் என்றல்லவா அர்த்தம்?" என்று கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் கேக்கை விழுங்கிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "பெயர் வைத்த நேரம் என்னை ஒருவரும் கேட்கவில்லை, மகள்."

நான் அந்த மேசையில் இருந்த காலத்தில், கேட்டது ஒன்று கிடைத்தது வேறொன்றாக இருந்தும் யாரும் புகார் எழுதிக் கொடுக்காத ஒரே தேடல் இதுதான்.