அலமாரிக்குள் வளர்ந்த முளைப்பாரி

இரண்டாம் வகுப்பில் எங்களுக்கு வாய்த்த வாத்தியாருக்கு எதையாவது அளந்து பார்க்காவிட்டால் இருப்புக்கொள்ளாது. அவருக்கு முன் இருந்தவர் எங்களை வாய்ப்பாடு கத்தச் சொல்லிவிட்டு மேசைமேல் தலைசாய்த்துவிடுவார். கத்துவது நின்றால் மட்டும் விழித்துக்கொள்வார். இவரோ, கணக்கு காது வழியாக ஏறாது, கை வழியாகத்தான் ஏறும் என்று அடித்துச் சொன்னார். புளியை எடை போட்டோம். வாளித் தண்ணீரைச் சிரட்டையால் அளந்தோம். பள்ளிக்கூடம், எங்கள் ஆட்கள் கடல் கடந்து பிழைக்க வந்த ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஒருநாள் கீழே இறங்கி, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையை முழம் போட்டுக்கொண்டே போனோம். வழியில் சீனர் ஒருவரின் சவப்பெட்டிக் கடை வந்தது. அதையும் விடவில்லை. நீளம் சரியாகத் தெரியட்டும் என்று எங்களில் ஒருவன் பெட்டிக்குள் படுத்தே பார்த்துவிட்டான். கடைக்காரர் துடைப்பத்தோடு மாடிப்படி வரைக்கும் துரத்தி வந்தார்.

"புள்ளைய படிக்க அனுப்புனா பொணப்பெட்டி அளக்கச் சொல்றாரே, இது என்ன கூத்து!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா டிராம் ஓட்டுபவர். வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு டிராமுக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போய்விட்டார்.

அடுத்து வாத்தியார் பயறு விதைத்தார். இரண்டு மண்சட்டி, இரண்டிலும் பாசிப்பயறு. ஒன்று ஜன்னலில் வெயிலுக்கு, இன்னொன்று அலமாரிக்குள் இருட்டுக்கு. தினமும் முளையின் உயரத்துக்கு நூலை வெட்டி, சுவரில் வரிசையாக ஒட்டவேண்டும். அலமாரிச் சட்டிக்கு நான்தான் பொறுப்பு. ஏனென்றால் அது எங்கள் வீட்டுச் சட்டி. எது உயரமாக வளரும் என்று கேட்டதற்கு எல்லோரும் ஜன்னல் என்றோம். எட்டாம் நாள் ஜன்னல் பயறு சாண் உயரத்தில் பச்சைப்பசேலென்று நின்றது. அலமாரிப் பயறு வெளிறிப்போய் முழ உயரத்துக்கு எகிறியிருந்தது.

"இருட்டுல இருந்தது ஏன் இவ்வளவு வளந்துச்சு? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார் வாத்தியார்.

நான் கையைத் தூக்கினேன். "ஆத்தா இருட்டுலதான் வருவா சார்."

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபமான கோபம். நான் ஒன்றும் புளுகவில்லை. அதே சமயத்தில், நாலு நாள் முன்பு விதைத்த முளைப்பாரியை எங்கள் வீட்டுப் பின்னறையில் அத்தை வளர்த்துக்கொண்டிருந்தாள். நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாமல் வளர்த்து, ஒன்பதாம் நாள் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றிக் கடலில் விடவேண்டும். அதுவரை விதைத்தவளைத் தவிர வேறு யாரும் சட்டியைப் பார்க்கக்கூடாது. செழித்து வந்தால் வேண்டுதல் பலிக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சட்டி வாங்கியிருந்த அத்தையிடமிருந்துதான் ஒன்றை நான் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வாங்கிப் போயிருந்தேன்.

அத்தைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அவளும் மாமாவும் எங்களோடுதான் இருந்தார்கள். மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. அவர் அதட்டினால் கப்பலில் இருப்பவனுக்குக்கூடக் கேட்குமாம். ஆனால் தன் அம்மாவுக்கு முன்னால் இருமக்கூட மாட்டார். அந்த அம்மா, அதாவது அத்தையின் மாமியார், ஊரிலிருந்து நவதானியத்தை முடிந்துகொண்டு கப்பலேறி வந்திறங்கியிருந்தாள். வந்த அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"இந்த ஆடிக்கு முளைப்பாரி எடுக்கட்டும். ஆத்தா கண்ணத் தொறந்தா சரி. இல்லேன்னா எம் மவன கூட்டிட்டுப் போயி வேற பொண்ணப் பாத்து முடிச்சிருவேன்."

என் புத்தி அப்போது நூலில் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டியை அளந்தாயிற்று, வீட்டுச் சட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அன்று மதியம் வீட்டில் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், நடையில் படுத்திருந்த அத்தையின் மாமியாரைத் தாண்டிப் பின்னறைக்குள் நுழைந்தேன். ஒன்றை மட்டும் அளந்தால் போதாது, நிறைய அளக்கவேண்டும் என்பது வாத்தியார் வாக்கு. முளைகள் நெருக்கமாக இருந்ததால் நூல் பிடிக்க வசதிப்படவில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் கிடத்தி, அளந்து, மறுபடியும் மண்ணில் செருகி வைத்தேன். ரொம்பப் பொறுப்பாகத்தான் செருகினேன்.

சாயங்காலம் குளித்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போன அத்தை, போன வேகத்தில் திரும்பி வந்து அடுக்களையில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எல்லாம் சாஞ்சு கெடக்கு அண்ணி. எம் பொழப்பு போச்சு!"

"வாய மூடுடி. அந்தம்மா காதுல விழுந்துறப் போவுது" என்று அம்மா முந்தானையை அத்தையின் வாயில் வைத்து அழுத்தினாள். அத்தை சத்தமில்லாமல் குலுங்கினாள். அத்தைதான் எனக்குத் தினமும் தலை பின்னிவிடுகிறவள். அவளைக் கப்பலில் வந்த கிழவி கண்ணீர் விட வைப்பாள் என்று நினைத்திருந்தேனே தவிர, நான் வைப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பாவின் மழைக்கோட்டுக்குள் சட்டியை ஒளித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. சாய்ந்த சட்டியை உள்ளே வைத்தேன், முழ உயரச் சட்டியைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது என்ற தெம்பில் வகுப்புக்குப் போனேன்.

வாத்தியார் நூலோடு வந்து அலமாரியைத் திறந்தார். நேற்று முழ உயரம், இன்று நாலு விரல்.

"குளிருக்குச் சுருங்கிடுச்சு சார்" என்றான் ஒருவன்.

"எலி கடிச்சிருக்கும்லா சார்" என்றான் சவப்பெட்டியில் படுத்தவன்.

வாத்தியார் நியாயமானவர். நாலு விரல் நூலை வெட்டிச் சுவரில் ஒட்டத்தான் போனார். பாதியில் நின்று, திரும்பி வந்து சட்டிக்குள் மூக்கை நுழைத்தார். "பாசிப்பயறுதானே போட்டோம்? சோளம் எப்படி மொளைச்சது? இது தட்டப்பயறாச்சே!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மற்றவர்களை மாடிப்படியை அளக்க அனுப்பிவிட்டு, என்னை விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மொத்தம் எத்தனையப் புடுங்குன?"

"நாப்பத்திரண்டு சார். நடுவுல இருந்ததெல்லாம் நாலு விரல். ஓரத்துல மூணு."

"சபாஷ்" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே நெற்றியில் அறைந்துகொண்டார். "அறிவு கெட்டவளே, பாத்த ஒடனே நானே கண்டுபுடிச்சிட்டேன். விதைய முடிஞ்சு கொண்டாந்த அந்தம்மா கண்டுபுடிக்க மாட்டாங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் தண்ணீரோடு பின்னறைக்குப் போன அத்தை வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அம்மாவைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் சமையலைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏமாந்துவிட்டார்கள், இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தை விதைத்த ஒன்பதாம் நாள் மாலை எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். வாத்தியாரும் குடையோடு வந்து நின்றார். அந்தப் பக்கமாகப் போகிறவர்போல் வந்தாலும், எனக்கு அடி விழுந்தால் தடுக்கத்தான் வந்திருந்தார். அத்தை சட்டியைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வைத்தாள். மாமியார் துணியை விலக்கினாள்.

நான் குடைக்குப் பின்னால் பதுங்கினேன். அவள் விரல்களால் முளைகளை வகிர்ந்து பார்த்தாள். ஒன்றைக் கிள்ளிப் பல்லில் வைத்துக் கடித்தாள். அத்தை தலையைத் தூக்கவில்லை. கதவோரம் நின்ற மாமாவைக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெரிய மேஸ்திரியின் உதடு, குச்சி மிட்டாயைப் பறிகொடுத்த பிள்ளையின் உதடு மாதிரி நடுங்கியது. கிழவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அது வந்துங்க, இருட்டுல வெச்சா பயறு..."

"வாத்தியாரே, செத்த தள்ளி நில்லுங்க. இது பொம்பளைக காரியம்" என்றாள் அவள். பிறகு சட்டியைத் தன் கையாலேயே தூக்கி அத்தையின் தலையில் வைத்தாள். "என்னடி வாயப் பாத்துட்டு நிக்கிறீங்க? ஆத்தா குடுத்துட்டா. கொலவ போடுங்க!"

தெருவே அதிரக் குலவை போட்டார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் தண்டவாளத்தைக் கடக்கவேண்டியிருந்தது. அப்பா டிராமை நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு வெள்ளைக்காரர் கடிகாரத்தைக் காட்டிக் கத்தக் கத்த, மணியை அடித்துக்கொண்டே நின்றார்.

அத்தைக்கு மகன் பிறக்க அதற்கப்புறமும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் கிழவி அந்த மாதமே, தனியாகவே, ஊருக்குக் கப்பலேறினாள். வழியனுப்பப் போன இடத்தில் என்னைக் கிட்டே இழுத்து, காதைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"இனிமே புடுங்காம அளந்து பழகுடி."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாத்தியார்தான் கோள் சொல்லியிருக்கிறார், வேறு யார்? ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே அவர் எனக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தார். அந்த மதியம் கிழவி தூங்கவே இல்லை என்பதும், நான் பிடுங்குவதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டு, சாயட்டும், மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சாக்காகட்டும் என்று பேசாமல் படுத்திருந்தவள் அவள்தான் என்பதும், எனக்கே ஒரு மகன் வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றபோதுதான் உறைத்தது.