வலக்கன்னத்து மச்சம்

வியன்னாவில் லெர்ஹென்ஃபெல்ட் பக்கம் துணி வெளுத்துப் பிழைத்தவள் கிரெசென்ஸ். புருஷன் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சியது இரட்டைப் பெண்கள். பெற்றவளே மச்சத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்லுவாள். இடக்கன்னத்தில் இருந்தால் ரோசினா, வலக்கன்னத்தில் இருந்தால் வால்புர்கா.

வால்புர்காவை விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவள் முகம் நாளாக ஆகத் தாயின் நினைவில் மங்கியது. இருப்பவளையாவது படம் பிடித்து வைப்போம் என்று, தான் சட்டை வெளுத்துக் கொடுக்கும் படக்காரர் ப்ரோஹாஸ்காவிடம் ரோசினாவை இழுத்துப் போனாள்.

முற்றத்து வெயிலில், தாங்கியின் மேல் படம் பிடிக்கும் பித்தளைக் குழாய் ஒன்று குட்டிப் பீரங்கி மாதிரிப் படுத்திருந்தது.

"சுடுவீங்களா?" என்றாள் ரோசினா.

"அசைஞ்சா சுடுவேன். பழைய பொட்டின்னா அரைமணி நேரம் கல்லாட்டம் உக்காரணும். இதோட கண்ணாடி கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்தது. வெளிச்சத்த மடக்குமடக்குன்னு குடிச்சிரும், ஒரு நிமிஷம் போதும். சிரிச்சே, வாய் ரெண்டாயிரும்!"

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கை அகல வட்ட வெள்ளித் தகட்டில் முகம் விழுந்தது. வாங்கிப் பார்த்த கிரெசென்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது.

"வால்புர்கா! வந்துட்டியா என் கண்ணு!"

"ஏம்மா, கண்ணாடியில பாக்கறாப்பல இடம் வலமாத்தான் விழும். இது இவதான்."

"உங்க சட்டைக் கறையே உங்களுக்குத் தெரியாது. எம்புள்ளைய எனக்குத் தெரியாதா?"

அதுமுதல் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தகட்டின் முன் மெழுகுவர்த்தி எரிந்தது. ஏற்றி வைப்பவள் ரோசினா. தன் முகத்துக்குத் தானே மண்டியிட்டுச் செபிப்பாள். ஒரு தடவை, "நான்தாம்மா அது" என்றாள்.

பளாரென்று விழுந்தது. "செத்தவ மேலயும் பொறாமையாடி உனக்கு?"

ரோசினாவும் வெளுக்கத்தான் போனாள். சாம்பல் தண்ணீரில் கை வெடித்தது, தலை நரைத்தது. வேறு படம் அவளுக்கு யாரும் எடுக்கவில்லை.

தாய் நெஞ்சுச் சளியில் கிடந்த கடைசி நாட்களில், ஒரு கைக்கண்ணாடியைத் தகட்டுக்கு எதிரே பிடித்தாள் ரோசினா.

"உள்ள பாரும்மா. மச்சம் எந்தப் பக்கம்?"

கிழவி வெகுநேரம் பார்த்தாள். "இடப்பக்கம்."

"அப்ப யாரு?"

"நீ... ரோசினா."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் ரோசினா ஆயுசெல்லாம் காத்திருந்தாள். அது காதில் விழுந்த கையோடு கிழவியின் விரல்கள் போர்வையைப் பிராண்டின.

"அப்ப என் வால்புர்கா எங்கடி போனா?"

ரோசினா கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். தகட்டைத் தாயின் கையில் திணித்தாள்.

"இந்தா, இங்கதான இருக்கா. நான் சும்மா வெளையாடினேன்."

பிடித்த பிடி செத்த பின்னும் விடவில்லை. சவப்பெட்டியை மூடும்போது பாதிரியார் குனிந்து பார்த்து, "படத்துல யாரும்மா?" என்று கேட்டார்.

"என் கூடப் பொறந்தவ, சாமி," என்றாள் ரோசினா.