சிவப்புத் துணி கட்டிய வெங்காயம்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் உரும்பிராயில் ஒரு 'டிப்' செய்தேன். நன்றாகத்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு அரை மணி நேரம் இருக்கிறதே... அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டிப் என்றால் என்ன? தொட்டுத் தின்னும் சாமான். நம்முடைய பச்சடிக்குத் தூரத்துச் சொந்தம். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சுட்ட வெங்காயம், கெட்டித் தயிர், கொஞ்சம் பச்சை இலைகள் — இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா? எனக்குத் தெரிந்த சமையல் தேநீரும் முட்டைப் பொரியலும்தான். ஆனாலும் துணிச்சல் வந்துவிட்டது. இந்த வீடியோக்களின் வேலையே அதுதானே!

உரும்பிராய் என் மனைவி சாந்தியின் ஊர். அவளுடைய தங்கை கலா அங்கே தோட்டம் செய்கிறாள். வெங்காயம் என்றால் அவளுக்கு உயிர். நானோ கடலோரத் தொண்டைமானாற்றுக்காரன். எங்களுடையது காதல் கலியாணம். முப்பது வருடமாகியும் அந்த வீட்டில் எனக்குப் பெயர் 'கடற்கரை மாப்பிளை'. பாசத்தோடுதான் சொல்கிறார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் தோட்டத்து வேலை எதற்கும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். மண்வெட்டியைத் தொட்டாலே போதும், "நீங்கள் இருங்கோ, அத்தான்" என்று கலா அதை வாங்கிவிட்டுத் திண்ணையைக் காட்டுவாள்.

முப்பது வருடமாக இருந்துகொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அக்காவும் தங்கையும் களை பிடுங்கப் புறப்பட்டபோது, "இண்டைக்குக் குசினி எனக்கு" என்று அறிவித்தேன்.

"சோறு கறி நான் காலமையே வைச்சிட்டன். நீங்கள் வீட்டை எரிக்காட்டிக் காணும்" என்றாள் சாந்தி.

முதலில் வெங்காயம் தேடிக் கொட்டிலுக்குப் போனேன். கூரை வளையில் வரிசையாகப் பிடி பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மூலையில் மட்டும் இரண்டு பிடி தனியாக, சிவப்புத் துணி கட்டி. நல்ல இறுக்கமான வெங்காயம். ஒன்றிலாவது ஒரு சொத்தை இல்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வள்ளம் கரைக்கு வந்ததும், மீன் விலைக்குப் போகமுதல், இருப்பதில் நல்லதைக் கறிக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். என்னைப் பெற்ற ஐயா ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. ஆக, இது கலா வீட்டுச் சமையலுக்கு எடுத்து வைத்த வெங்காயம்! ஒரு பிடியை மட்டும் அவிழ்த்தேன். மற்றதைத் தொடவில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

தயிரை வெள்ளைத் துணியில் கொட்டி, அந்தச் சிவப்புத் துணியாலேயே இறுக்கிக் கட்டி, பைப்பில் தொங்கவிட்டேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிரட்டைக் கரி மூட்டி, கம்பிவலையைப் போட்டு, வெங்காயத்தைத் தோலோடு பரப்பினேன். தோல் கருகியது. ஓரத்தால் சாறு கசிந்து நுரைத்தது. அந்த வாசம் இருக்கிறதே... பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார் என்றால் பாருங்கள்!

கருகிய தோலை உரித்து, உள்ளே குழைந்திருந்ததைக் கொத்தினேன். சுட்ட உள்ளி இரண்டு பல்லு. தயிர் இப்போது வெண்ணெய் மாதிரி இறுகியிருந்தது. கிணற்றடிப் புதினா, மல்லி இலை, ஒரு பிடி வல்லாரை — எல்லாம் பொடியாக அரிந்து போட்டேன். உப்பு, மிளகு, அரைத் தேசிக்காய்ச் சாறு, கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள மரவள்ளி சிப்ஸ். வழித்து நக்கிப் பார்த்தேன். சத்தியமாக, நான் செய்ததென்று எனக்கே நம்பமுடியவில்லை.

துணிகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

கலா கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்தாள். கொடிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தான், உந்தத் துணி எங்காலை?"

"வெங்காயப் பிடியிலை கட்டியிருந்தது..."

"எந்தப் பிடி?"

"கொட்டிலுக்கை. அந்த மூலையிலை."

சாந்தி தலையில் கையை வைத்தாள். "ஐயோ, இஞ்சாருங்கோ! அது விதை வெங்காயமெல்லே!"

பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர் மாரி மழையில் கலாவின் வெங்காயம் முழுக்க அழுகிப் போனது. ஒன்பதே ஒன்பது செடி மட்டும் நிமிர்ந்து நின்றதாம். அதைத் தனியாகப் பிடுங்கி, காயவைத்து, திரும்ப நட்டு, அதிலும் நல்லதைத் தெரிந்தெடுத்து, திரும்பவும் நட்டு... அப்படி அவள் சேர்த்தது அந்த இரண்டு பிடி. மழைக்குத் தாங்கும் வெங்காயம். நான் அதில் பாதியைச் சுட்டுவிட்டேன்!

கலா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு வருசம், அத்தான்" என்றாள். அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம்.

"எல்லாத்தையும் சுட்டிட்டியளோ?" என்று கலா கேட்டாள்.

"பதினொண்டு மிச்சம் கிடக்கு" என்று ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவள் கொடியிலிருந்து சிவப்புத் துணியை உருவி, அந்தப் பதினொன்றையும் அதற்குள் வைத்து முடிந்தாள்.

பிறகு மேசையைப் பார்த்தாள். "உதுதானோ சுட்டது?"

தலையாட்டினேன்.

ஒரு சிப்ஸை எடுத்துத் தொட்டாள். மென்றாள். நானும் சாந்தியும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொன்று எடுத்தாள். பிறகு சிப்ஸையும் விட்டுவிட்டுக் கரண்டியால் வெங்காயத்தை மட்டும் தேடி எடுத்துத் தின்றாள்.

"இனிக்குதெல்லே, அக்கா? உறைப்பும் கிடக்கு."

"ஓமடி" என்றாள் சாந்தி, வாய் நிறைய.

"ரெண்டு வருசமா இதைப் பாத்துப் பாத்து வளத்தனான். ஒருநாளும் வாயிலை வைச்சுப் பாக்கேல்லை" என்று கலா சிரிக்கத் தொடங்கினாள். "விதை எண்டு வைச்சதை ஆர் தின்னிறது? ருசி கெட்ட சாமானாயிருந்தா என்ன செய்திருப்பன்? தெரியாமல் ஊர் முழுக்க விதைக்குக் குடுத்திருப்பனே!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். கடற்கரையில் நல்லதை எடுத்து வைப்பது தின்ன. தோட்டத்தில் நல்லதை எடுத்து வைப்பது தின்னாமல் இருக்க. கடலுக்கு யாராவது விதை போட்டதுண்டா? இரண்டு ஊருக்கும் நடுவில் எத்தனை மைல் இருக்கும்? முப்பது வருடமாகப் போய் வருகிறேன், இது தெரியாமலே ஒரு கலியாணத்தை ஓட்டியிருக்கிறேன்.

புதன்கிழமை கலாவின் போன் வந்தது. "சனிக்கிழமை நடுகை. வாங்கோ, அத்தான்."

"நான் என்னத்துக்கு?"

"அந்தப் பதினொண்டையும் நீங்கள்தான் நடவேணும்."

போனேன். சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினேன். பதினொன்றில் ஒன்றைத் தலைகீழாக நட்டேன். கலா திருப்பி வைத்தாள். பாத்தியின் மூலையில் ஒரு தடியை ஊன்றி, அதில் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டினாள்.

"இது உங்கடை மூலை. வந்தா அரைவாசி விதைக்கு, அரைவாசி டிப்புக்கு. சரியோ?"

"ஓம், சரி" என்றேன். முழங்கால் கடுத்தது. பக்கத்து வரம்பில் போய் இருந்தேன்.

"என்ன இருக்கிறியள்? எழும்புங்கோ, அத்தான், அங்காலை இன்னும் ரெண்டு பாத்தி கிடக்கு!"

முப்பது வருடத்துக்குப் பிறகு... என்னையும் எழும்பச் சொல்லிவிட்டார்கள்.