ஒரு நூல் தாழ்ந்த புரொப்பெல்லர்

என் அப்பா ராஜையாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், பாத்திரத்தை எறியமாட்டார். அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டார், அவ்வளவுதான். பாறசாலையில் ஒரு சலூன்காரர் மீசையின் வலது நுனியைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டார் என்று, நான் காலேஜ் முடிக்கும்வரை அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். ரயில் போய்விடும். அதனாலென்ன, பிடிவாதம் போகவில்லையே!

அரசு பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் வாழை வைப்பார்கள், ரப்பர் வைப்பார்கள். எங்கள் வீட்டில் வேறு கதை. மஸ்கட்டில் இருக்கும் என் அண்ணன் சானு ஒரு லீவுக்கு வரும்போது ரிமோட்டில் ஓடும் ரேஸ் போட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஹைட்ரோபிளேன் என்று பெயர். முன்பக்கம் இரண்டு பக்கமும் இரண்டு பாதம், பின்னால் புரொப்பெல்லர். வேகம் பிடித்தால் அந்த மூன்று இடத்தில்தான் தண்ணீரைத் தொடும், மற்ற உடம்பெல்லாம் காற்றில். அப்பா அதை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். அன்றைக்குப் போனவர்தான், இன்னும் குடும்பத்துக்குத் திரும்பவில்லை.

கார் இல்லாத எங்கள் கார் ஷெட் பட்டறை ஆனது. நெய்யாற்றின்கரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் போட்டைத் துணியில் பொதிந்து கொண்டுவருவார்கள். அப்பா இரண்டு வேலைதான் செய்வார். ஒன்று புரொப்பெல்லர். அதன் துளையில் கம்பியைச் செருகி, அம்மாவின் இரண்டு எவர்சில்வர் தம்ளர்களின் விளிம்பில் கிடத்துவார். கனம் கூடிய இலை கீழே வரும். அதை அரத்தால் ஒரு இழை ராவுவார். மறுபடி கிடத்துவார், மறுபடி ராவுவார். இன்னொன்று டர்ன் ஃபின். வலது பாதத்தின் ஓரத்தில் கத்தி மாதிரி கீழே இறங்கும் தகடு. ரேஸில் எல்லா வளைவும் வலப்பக்கம்தான். வளைவில் அந்தத் தகடு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் போட் வழுக்கிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவர்கள் மடியில் வந்து உட்காரும். இந்த இரண்டு வேலைக்காக எங்கள் வீட்டுத் தம்ளர்கள் எல்லாம் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. விருந்தாளி வந்தால் அம்மா சாயாவைக் கிண்ணத்தில் கொடுப்பாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கோட்டுகால் கடற்கரையைச் சேர்ந்த டெல்வின் வெயிலுக்குக் கண்ணாடி வாங்க வந்தார். கண்ணாடி வாங்கிய பிறகும் வந்தார். மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் ஓட்டுகிறவர், லத்தீன் கத்தோலிக்கர். நாங்களோ பழைய மிஷன் சபை. ஊரே அப்பா குதிப்பார் என்று காத்திருந்தது. அப்பா, "பையன் குடிப்பானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் சரி" என்றார். ஊருக்குப் பெரிய ஏமாற்றம்.

கல்யாணம் முடிந்த அந்த ஆண்டு ஓணத்துக்கு அப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். மறுநாள் பாறைக்குளத்தில் ரேஸ். அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் டெல்வின் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அப்பாவின் ரேஸ் போட்டில் புரொப்பெல்லர், தண்ணீருக்குப் பாதிக்கு மேல் வெளியே நிற்கும்படி வைத்திருந்தது. கடலில் போகிறவர்களுக்கு அதைப் பார்ப்பது, கிணற்று விளிம்பில் பிள்ளை நிற்பதைப் பார்ப்பது மாதிரி. அலை வந்து வள்ளத்தின் வாலைத் தூக்கினால் புரொப்பெல்லர் காற்றைக் கடிக்கும், எஞ்சின் அலறும், எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு வள்ளம் முழுவதும் வசவு கிடைக்கும். மனிதருக்கு மனசு பொறுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தாழ்த்திவிட்டார். உதவி செய்துவிட்டுச் சொல்லிக்காட்டும் பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. வந்து பேசாமல் பாயசம் குடித்தார்.

மறுநாள் விசில் ஊதியது. ஆழத்தில் இருந்த புரொப்பெல்லர் வாலைத் தூக்கியது, மூக்கை அழுத்தியது. அப்பாவின் போட் கோட்டைத் தாண்டியதும் தலைகுத்தித் தண்ணீருக்குள் போனது. மைக்கில் சோமன் அண்ணன், "ராஜையா சாறின்றெ போட்டு மீன் பிடிக்கான் போயி!" என்றார். சாருடைய போட் மீன் பிடிக்கப் போய்விட்டதாம். குளக்கரை முழுவதும் சிரித்தது.

அப்பா போட்டைத் தூக்கி, பின்பக்கத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "யாரு இதுல கை வச்சது?"

"நான்தான் மாமா! ஒரு நூலு மேலே நிண்ணுது. தாழ்த்தி விட்டேன்" என்றார் என் மகாராஜன், முகமெல்லாம் பல்லாக.

அப்பா என்னிடம் திரும்பினார். "மக்களே, இவன் இருக்கப்பட்ட வீட்டு நடையில நான் கால் வைக்கமாட்டேன்."

வைக்கவில்லை. நாங்கள் செங்கல் என்ற ஊரில் வீடு கட்டினோம். பால்காய்ச்சுக்கு வந்தார், கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்றார். உள்ளே பாதிரி அச்சன் ஜெபித்தார், வெளியிலிருந்து அப்பா 'ஆமென்' சொன்னார். சாப்பாட்டை இலையில் பொதிந்து கொடுத்தால் தன் வீட்டில் கொண்டுபோய்த்தான் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரில் அப்பாவும் அம்மாவும் வருவார்கள். அம்மா ஆனந்தபாய் உள்ளே வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அப்பா கேட்டுக்கு மேலே கப்பைக் கிழங்கையும் முருங்கைக்காயையும் நீட்டுவார். நான் அழுதிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், "சவம், வராட்டிப் போங்க!" என்று கத்தியும் இருக்கிறேன். அக்கம்பக்கத்தார் சபைச் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு நூல் சண்டை என்று சொன்னால் யார் நம்புவார்? நான் வேறெதுவும் கேட்கவில்லை. என் அப்பா என் வீட்டுக்குள் வந்து என் மேசையில் ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாமல் அந்த வீடு எனக்கு வீடாகவே தோன்றவில்லை.

டெல்வினுக்கோ தான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை. புரிந்துகொள்வதற்காக ஒரு பழைய ஹைட்ரோபிளேனை வாங்கிவந்தார். இந்த வருஷம் நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, அதைச் சிட்அவுட்டில் ஸ்டூல்மேல் வைத்து ஃபின் பொருத்திக்கொண்டிருந்தார். அப்பா கப்பையோடு கேட்டில் வந்து நின்றார். பையை நீட்டிய கை அப்படியே நின்றது.

"மக்களே, அந்த ஃபின்னு எந்தப் பக்கம் நிக்குது?"

"இடப்பக்கம் அப்பா."

"ஏன் எண்ணு கேளு."

இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. இருந்தாலும் நான் கேட்டேன். டெல்வின் நிதானமாகச் சொன்னார்: "வலப்பக்கம் வலை போடுற பக்கம் ஆக்கும். அங்க ஏதாவது நீட்டிட்டு நிண்ணா வலை மாட்டும்."

"வலையா! இதுல வலையா! மக்களே, என்ன மீனு பிடிக்கப் போறான் எண்ணு கேளு. நெய்மீனா, சாளையா?"

அப்போதுதான் பார்த்தேன், அப்பாவின் கை கேட்டின் கொண்டியில் இருந்தது. அடடா! இத்தனை நாள் கண்ணீரை வீணாக்கியிருக்கிறேனே!

டெல்வின் ஃபின்னைக் கழற்றி வலப்பக்கம் வைத்தார். கோணலாக இருந்தது, எனக்கே தெரிந்தது. "நேரே இருக்கா?" என்றார் அப்பா. "நல்ல நேரே இருக்கு அப்பா" என்றேன், கண்ணை இமைக்காமல். "பொய்! இங்க நிண்ணே தெரியுது!" டெல்வின் அதைச் சரி செய்யப் போனார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் அடுத்த வேலைக்குப் போனார். "புரொப்பெல்லரு மேலே நிக்குதே" என்று ஸ்பேனரை எடுத்து ஒரு நூல் தாழ்த்தினார். சத்தியமாக அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர் ரத்தம்.

கேட் சுவரில் போய் மோதியது.

"கையை எடு! எலே, கையை எடுலே!"

அந்த ஓணத்துக்குப் பிறகு மருமகனிடம் அப்பா நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. போட்டைப் பிடுங்கினார். சிட்அவுட்டில் வெளிச்சம் போதவில்லை என்று நேரே உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தார். "நூலு எடு! ஸ்கேலு எடு!"

அம்மா அகப்பையோடு அடுக்களையிலிருந்து வந்தாள். "இஞ்ச பாருங்க, நீங்க கால் வைக்கமாட்டேன் எண்ணு—" அவள் வாயில் ஒரு பழம்பொரியைத் திணித்தேன்.

அப்பா போட்டின் மூக்கிலிருந்து வால் வரை நூலை இழுத்துக் கட்டி, ஃபின் அதற்கு நேராக வரும்வரை திருகினார். கை வேலை செய்தது, வாய் டெல்வினைப் பிடித்தது. "கடல்ல புரொப்பெல்லரு முங்கித்தான் நிக்கணும், சம்மதிக்கேன். அங்க ஆளு உண்டு, வலை உண்டு, பாரம் உண்டு. இதுல யாரு இருக்கா? பாதி வெள்ளத்துல, பாதி காத்துல. அலறட்டும். அலறினாத்தான் ஓடுது எண்ணு அர்த்தம்."

"அந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு பதறுது மாமா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கடல்ல அப்படிக் கேட்டிருக்கியா?"

"ஒருக்கா. ஆறு கடல்ல சேருற அழிமுகத்துல, மழைக்காலத்துல. பொறவு வள்ளம் தலைகீழா மறிஞ்சுபோச்சு."

அப்பா ஸ்பேனரை டெல்வின் கையில் கொடுத்தார். "நீயே பொக்கு. ஒரு நூலு. பைய."

டெல்வின் உயர்த்தினார். அப்பா கண்ணை ஒட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். சுவர், ஃபேன், அடுக்களை வாசலில் வாய் நிறையப் பழம்பொரியோடு அம்மா. கடைசியில் தன் காலைப் பார்த்தார். செருப்பு இருந்தது. தரையெல்லாம் செம்மண்.

முகம் கறுத்தது. எழுந்தார். விறுவிறுவென்று வெளியே நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் பின்னாலேயே ஓடினேன்.

அப்பா நடையில் நின்று இரண்டு செருப்பையும் கழற்றினார். ஜோடியாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு மறுபடி உள்ளே வந்தார்.

"ஒருத்தன் செருப்போட கேறி வாறான், ஒரு வார்த்தை சொல்லண்டாமா? என்ன வீடு நடத்துற நீ?" என்று சத்தம் போட்டுவிட்டு, மேசையிலிருந்து போட்டை நகர்த்தினார். "சோறு இருக்கா மக்களே?"