மடக்கிய குடை

வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் சீசி மிஸ் குளத்தடியில் குடையை விரிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வரும் குடையைப் பூங்கா வாசலிலேயே மடக்கிவிடுவார். கறுப்புத் துணி படக்கென்று விரிந்தால் பருந்து என்று பயந்து பறவைகள் கலைந்துவிடும் என்பது அவர் எண்ணம். மடக்கிய குடையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, சுடுகின்ற சீமெந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

அவர் எங்கள் அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்தவர். 'சீஃப் கிளார்க்' என்ற அந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கமே பெயராகி, ஓய்வு பெற்ற பின்னும் எல்லோருக்கும் சீசி மிஸ்தான். பூங்கா என்பதும் பெரிய பேச்சு. வாவிக்குள் விழும் ஒரு தோணா, அந்தச் சிற்றோடையின் கரையில் சில மருத மரங்கள், துருப்பிடித்த ஊஞ்சல், மிதக்கும் ஆற்றுவாழைச் செடிகள் பாதிக்கு மேல் மூடிய சிறு குளம், அவ்வளவுதான். ஞாயிறு காலைகளில் நானும் போவேன். எனக்குப் பறவைகளில் அப்படியொன்றும் பிடிப்பில்லை. அலுவலகத்தில் ஒருநாளும் சிரிக்காத மனுஷி அங்கே சிரிப்பதைப் பார்க்கத்தான் போனேன்.

போன வருடம் ஓர் இலைக்கோழி அந்த ஆற்றுவாழையின் மேல் கூடு வைத்தது. மிதக்கும் இலைகளில் அமிழாமல் நடக்கும் நீண்ட விரல்கள் அதற்கு. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அடைகாப்பது சேவல். "இஞ்ச பாருகா புள்ள, ஆம்பிளை ஒண்டு ஒழுங்கா வேலை செய்யிறத இப்பதான் காணுறன்" என்றார் மிஸ். குஞ்சுகள் பொரித்ததும் சேவல் அவற்றைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு நடக்குமாம். குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்குமாம். படத்தில் பார்த்திருந்தார். ஒருமுறையாவது கண்ணால் காண வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அப்போதுதான் ஊர்கூடிச் செய்யும் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என்று அறிவித்தார்கள். குளத்தைத் துப்புரவாக்கப் போகிறார்களாம். மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு பொறுப்பான உத்தியோகத்தரிடம் போனார். அவர் மிஸ்ஸிடம் வேலை பழகியவர். எழுந்து நின்று கதிரை தந்தார், தேநீர் வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"தம்பி, டெங்கு நுளம்பு குளத்தில பெருகாது. சிரட்டையிலயும் கோப்பையிலயும் தேங்கிற தண்ணியிலதான் பெருகும். குஞ்சு பொரிக்கும் மட்டும் பொறுங்க. ரெண்டு கிழமை காணும்" என்றார் மிஸ். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டது அன்றுதான்.

"குருவிக்காகச் சிரமதானத்தத் தள்ளிப்போட ஏலுமா மிஸ்? சாப்பாட்டுக்கும் சொல்லியாச்சு" என்று அவர் சிரித்தார்.

சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு. சோற்றுப் பார்சலைத் திருப்ப முடியாது, முட்டையைக் கரையில் வாரிக் கொட்டலாம். தெரியாமல் செய்தவர்கள் என்றால் மன்னித்துவிடலாம். இவருக்குத் தெரியும், நாங்கள் வாய்விட்டுச் சொன்னோம்.

அடுத்த ஞாயிறு போனபோது குளம் மொட்டையடித்த தலைபோல இருந்தது. ஆற்றுவாழை கரையில் குவிந்து வாடிக் கிடந்தது. சேவல் வெறுந்தண்ணீருக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இறங்க ஓர் இலை இல்லை. துப்புரவாக்க வந்தவர்கள் சாப்பிட்டுப் போட்ட யோகட் கோப்பைகள் மருத மரத்தடியெல்லாம் கிடந்தன. முதல்நாள் மழையில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது. டெங்கை ஒழித்த லட்சணம் அது. மிஸ் குனிந்து குனிந்து அந்தத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்து ஊற்றினார்.

இப்போது அங்கே கல் பதித்த நடைபாதை இருக்கிறது. குளத்தின் நடுவில் வெள்ளைப் பூச்சு பூசிய இரண்டு சீமெந்து அன்னங்கள் நிற்கின்றன. மட்டக்களப்பில் அன்னத்தை எவன் கண்டான்? வாசலில் மும்மொழியிலும் பலகை: பறவைகளைப் பார்வையிடும் இடம். அதைக் கடக்கும்போதெல்லாம் பிடுங்கித் தோணாவுக்குள் எறிய வேண்டும் போலிருக்கும்.

போன ஞாயிறு மிஸ்ஸும் வந்திருந்தார். அதே வாங்கில், அன்னங்களைப் பார்த்தபடி இருந்தார். தலைக்கு மேல் குடை விரிந்திருந்தது. நான் குடையையே பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

"வெயில்தானேகா" என்றார். "இனி என்னத்துக்கு மடக்கிற?"