நீலத் தொப்பியோடு ஆறு தடவை சென்னைக்கு

இந்த வருடம் தை மாதம் தொடங்கி, சித்திரை முடிவதற்குள் வல்லம் வடகாலிலிருந்து சென்னைக்கு ஆறு தடவை போய்வந்தோம், நானும் என் மனைவி குப்பம்மாளும். அவளுக்கு மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், ஆறையும் முடித்தால் நம்பிக்கை உண்டு என்றார் டாக்டரம்மா. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். நேரமும் கட்டணமும் என் ஞாபகத்திலிருந்து. தப்பாது.

போக மாட்டேன் என்றுதான் குப்பம்மாள் முதலில் நின்றாள். ஊரிலுள்ள செல்போன் கம்பெனி கேட் எதிரே அவளுக்கு இட்லிக் கடை. "மருந்து ஏத்துனா முடி பூடும். மொட்டத் தலையோட இட்லி சுட்டா எவன்யா துன்னுவான்?"

"ஒரே ஒரு தபா வாமே. அப்பால நீ வேணாம்னா நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். முதல் தடவை ஐந்தரைக்குக் கிளம்பியது என் தப்பு. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றதில் நாற்பது நிமிடம் நகரவில்லை.

"பாத்தியா, சாமியே வழிய மறிக்குது. திருப்பச் சொல்லு" என்றாள் குப்பம்மாள்.

"சாமி இல்ல ஆயா, ஆறு மணி ஷிப்ட்டு" என்றார் டிரைவர். "இதுக்கெல்லாம் திருப்புனா நான் டெய்லி வூட்லதான் குந்திக்கினு இருக்கணும்."

அங்கிருந்து தாம்பரத்துக்கு பஸ், ஒரு மணி நேரம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அப்புறம் எழும்பூருக்கு ரயில், பத்து ரூபாய். அங்கே ஆஸ்பத்திரியில் முதல் மருந்து ஏறியது. நான்கு நாள் வாந்தி.

பதினெட்டாம் நாள் தலைவாரும்போது முடி கொத்தாக வந்தது. கடையைச் சாத்தினாள். "போதும்யா" என்றாள். சத்தியம் செய்தவன் என்ன பேசுவது? அடுத்த மருந்துக்கு மூன்றே நாள்.

மறுநாள் காலை பேச்சியம்மாள் கதவைத் தட்டினாள். செல்போன் கம்பெனி லைனில் வேலை, ஊர் தென்காசி, எங்கள் கடையில் தினமும் நாலு இட்லி. குப்பம்மாளின் முக்காட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"இதுக்கா கடையப் பூட்டுனீய? எங்க லைன்ல நூறு பேரு நிக்கோம், எல்லாத்துக்கும் தொப்பி. எவளுக்கு முடி இருக்கு, எவளுக்கு இல்லன்னு சூப்பர்வைசருக்கே தெரியாது ஆச்சி." துவைப்பதற்காகக் கம்பெனியிலிருந்து எடுத்துவந்திருந்த இரண்டு நீலத் தொப்பிகளில் ஒன்றை உதறி, குப்பம்மாள் தலையில் காது வரை இழுத்துவிட்டாள்.

குப்பம்மாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் விடவில்லை. "இன்னா ஆயா, லைன்ல சேந்துட்டியா? எந்த ஷிப்ட்டு?"

"உன் சூப்பர்வைசருக்கே நான்தான்டா சூப்பர்வைசர். துன்னுட்டு எடத்தக் காலி பண்ணு!"

ஒருவனும் தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. மாவு எட்டு மணிக்கே தீர்ந்தது.

இரண்டாவது பயணத்தன்று யாரோ என் காலை மிதித்தார்கள். மணி நாலு. தொப்பியும் பையுமாகக் குப்பம்மாள். "யோவ், எய்ந்திரு. ஷிப்ட் பஸ்ஸு வந்துட்டா மாட்டிக்குவோம்." அவசரத்தில் வேட்டியைத் தலைகீழாகக் கட்டினேன். கேலி செய்தாள். செய்யட்டும்.

ஆறும் முடிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கட்டி தெரியவில்லை, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட்டு ஜெயித்தாள்.

போகிறவர்களுக்கு: நாலே முக்காலுக்குள் கிளம்புங்கள். வாந்திக்கு இரண்டு கவர், ஒரு துண்டு. திரும்பும்போது தாம்பரத்தில் பஸ் காலியாக வரும்வரை காத்திருந்து ஏறுங்கள். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால், எதற்கு வேண்டாம் என்று கேளுங்கள். குப்பம்மாள் முடியைச் சொன்னதைச் சாக்கு என்று எண்ணி, நோய்க்குப் பயப்படுகிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.