படிக்கட்டுகளின் முதுகுப் பக்கம்

இண்டியானாவின் தெற்கே உள்ள மார்டெல் உயர்நிலைப் பள்ளியின், மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் பேண்டுக்காக வெண்டல் ரக்ரீகல் இருபது இலையுதிர் காலங்களில் பதினோரு படிக்கட்டுகள் செய்தார். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று படிகள். ஒன்றுகூட எந்த மாடிக்கும் போகவில்லை. கால்பந்து மைதானத்தின் நடுவே புல்லிலிருந்து கிளம்பி, ஒன்பதடியிலோ பன்னிரண்டடியிலோ வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடும். ஊதுகிறவர்களும் கொடி சுழற்றுகிறவர்களும் அதில் ஏறுவார்கள், உச்சியில் ஒரு நீண்ட சுரம் பிடிப்பார்கள், இறங்கிவிடுவார்கள். வெண்டலின் சொந்த வீடு ஒற்றைத் தளம். வாசலுக்கு ஏறக்கூட அதில் படி கிடையாது.

மேசை செய்யும் தொழிற்சாலையில் இழுப்பறைப் பிரிவில் நாற்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் அவர். மகள் ஜோலீன் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். 1996 ஆகஸ்டில் அப்போதைய பேண்டு மாஸ்டர் ஒரு படகுத்துறை செட் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டபோது கை தூக்கியது இவர் மட்டும். ஜோலீன் 1998இல் பள்ளி முடித்து ஆரிகன் போய்விட்டாள். வெண்டல் பேண்டை விட்டுப் போகவில்லை. செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமைதோறும் போட்டி. கறுப்புச் சட்டை போட்டு, உள்ளே விடுவதற்கான தாள் பட்டையை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரோடு செட்டைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவார். வாசிப்பு நடக்கும்போது மூன்று பேர் செட்டுக்குப் பின்னால் குனிந்திருக்கலாம் என்பது விதி. அந்த மூவரில் அவர் எப்போதும் உண்டு. அதனால் இருபது காட்சிகளையும் அவர் பின்பக்கமிருந்துதான் பார்த்தார். கலங்கரை விளக்கமும் ரயில் நிலையமும் அவருக்குப் பச்சைப் பலகை, ஆணி, மூச்சிரைக்கும் பிள்ளைகள், அவ்வளவே. முன்னால் என்ன நடக்கிறதென்பது ஏதோ பக்கத்து வீட்டுக் கனவு போல வந்து சேரும்.

2016 பிப்ரவரியில் புதிய பேண்டு டீச்சர் கிறிஸ்டா ஹோல்ட்மேன் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, இந்த வருடம் செட் எதுவும் கிடையாது என்றாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், புல், ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. வந்தவர்கள் பிள்ளைகளைப் பார்க்கட்டும், பலகையைப் பார்க்க வேண்டாம் என்றாள். பலர் தலையாட்டினார்கள். காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு லாரி நிறையச் சாமான்கள் போய்வர வேண்டியிருந்தது. 2011இல் காற்றில் ஒரு திரை இரண்டு அப்பாக்களைத் தூக்கிக்கொண்டு இருபது கெஜம் போயிருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்டலுக்கு எல்லாக் காரணமும் சரியாகவே பட்டது. ஆனால் செட் இல்லையென்றால் கறுப்புச் சட்டை இல்லை, மணிக்கட்டுப் பட்டை இல்லை. சனிக்கிழமை மாலை அந்தக் கேட் திறக்கும்போது புல்லில் கால் வைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை யாரிடம் எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் கிறிஸ்டா அவரைத் தேடி வந்து, போட்டியன்று சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு விற்கிற கடையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். வீட்டில் சொன்னபோது மனைவி மார்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முட்டை வேகவெக்கத் தெரியாத ஆளையா அந்தப் பொண்ணு அடுப்புல நிக்கச் சொல்றா? ஊருக்கே வயித்தால போகப்போகுது வெண்டல்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

ஜூனில் இன்னொரு செய்தி வந்தது. செட்டுகள் கிடந்த பழைய பேருந்துக் கொட்டகையைப் பள்ளி காலி செய்யச் சொல்லிவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதைப் பிரிப்பது என்று பார்க்க, 14ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வருவதாக கிறிஸ்டா சொன்னாள். வெண்டல் ஆறரைக்கே போய்விட்டார். கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெயில் கயிறு கயிறாக இறங்கியிருந்தது. பதினோரு படிக்கட்டுகளும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. எங்கோ போகக் கிளம்பி, வழியில் எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டவை போல இருந்தன. அவற்றுக்கு நடுவில் நடக்கும்போது அவருக்குத் தம் காலடியே கேட்கவில்லை. பலகையிலிருந்து கிளம்பிய தூசு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதந்தது.

கிறிஸ்டா இந்தச் செட்டுகளை உயரத்திலிருந்து எடுத்த வீடியோவில்தான் பார்த்திருந்தாள். உள்ளே வந்தவள் முதல் படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கேயே நின்றாள்.

பின்பக்கம் முழுக்கக் கொக்கிகள். தண்ணீர்ப் போத்தல் செருக இரும்பு வளையங்கள். ஆணியில் மாட்டிய டிஷ்யூ பெட்டி. முட்டி போட்டு உட்காரக் கனமான பஞ்சுப் பட்டை, நெற்றியைச் சாய்த்துக்கொள்ள ஒரு துணி சுற்றிய கட்டை. உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று. சுற்றிலும் பென்சிலில் இருபது வருடத்துப் பெயர்கள். 'இங்கே பன்னிரண்டு தாளம் எண்ணும்வரை மூச்சு விடலாம்' என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே வேறொன்று: 'அழ வேண்டுமானால் இங்கே. பதினாறுதான் இருக்கிறது, சீக்கிரம்.'

"இதெல்லாம் நீங்க வெச்சதா?" என்றாள்.

"கொக்கி நான் வெச்சது. எழுத்து அதுங்களோடது."

"வீடியோல ஒண்ணுமே தெரியல."

"தெரியக் கூடாதுன்னுதானே டீச்சர் முன்பக்கம்னு ஒண்ணு இருக்கு."

அவள் இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மே மாதப் பயிற்சியில் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபடாமலே இருந்ததாம். ஆறாவது நிமிடத்தில் டிரம்பெட்டுகளின் ஓசை உடைந்துவிடும். கொடிக்காரப் பெண்களின் கை நடுங்கும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓடவிட்டிருக்கிறாள். செட் வேண்டாம் என்பதில் இப்போதும் மாற்றமில்லை என்று அவரிடம் நேராகவே சொன்னாள். அவரும் மாற்றச் சொல்லவில்லை.

"ஆனா அந்த வெறும் புல்லுல பிள்ளைங்க எங்க போய் மூச்சு வாங்கும்?" என்று அவரையே கேட்டாள்.

மூன்று நாள் கேட்டு வாங்கிக்கொண்டார் வெண்டல். அவளுடைய அசைவு வரைபடங்களை எடுத்துக்கொண்டு காலையில் ஆளில்லாத மைதானத்தில் நடந்தார். பனி காயாத புல்லில் அவருடைய கால்தடங்கள் மட்டும் வளைந்து வளைந்து கிடந்தன. எந்தக் கருவிக்காரன் எத்தனையாவது நிமிடத்தில் வாயால் மூச்சு விடத் தொடங்குவான் என்பது அவருக்கு மனப்பாடம். நான்காம் நாள் போய்ச் சொன்னார். தோளில் ஏற்றிச் சுமக்கிற அந்தப் பெரிய பித்தளை ஊதுகருவிகள், டியூபாக்கள், பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றை மைதானத்தின் பின் எல்லையான பின்கோட்டுக்கு மூன்று கெஜம் முன்னால் தோளோடு தோள் நிறுத்தினால் முப்பதடிச் சுவர். பார்வையாளர் மாடத்திலிருந்து தள்ளிப் போகப் போக, சுவருக்குப் பின்னால் இருப்பது மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இருபத்தாறு பேர் குனிந்து உட்காரலாம். இருபத்து நான்கு எண்ணிக்கை போதும்.

"அவ்வளவு நேரம் டியூபாக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

"சும்மா நிப்பானுங்க. டியூபாக்காரனுக்கு அது கைவந்த கலை. நின்னுக்கிட்டே தூங்குவானுங்க."

"காலேஜ்ல நான் டியூபாதான் வாசிச்சேன்," என்றாள் கிறிஸ்டா.

வெண்டல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவள் வரைபடத்தில் இருபத்து நான்கு எண்ணிக்கையைக் காலியாக விட்டாள்.

செப்டம்பர் 17, சனிக்கிழமை, முதல் போட்டி. வெண்டலும் மார்னாவும் முப்பத்தொன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பக்கத்திலிருந்து பார்க்கிறார். வெளிச்சத்தில் புல் தண்ணீர் போல இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் அதில் வட்டமானார்கள், கோடானார்கள், கரைந்து ஓரங்களுக்குப் போனார்கள். இவ்வளவு அழகாகவா இத்தனை வருடமும் இருந்தது என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆறாவது நிமிடத்தில் டியூபாக்கள் பின்கோட்டருகே வரிசை கட்டின. ஓசை நின்றது. மைதானத்தில் ஒன்றும் அசையவில்லை. பன்னிரண்டு பித்தளை வாய்கள் மட்டும் மினுங்கின. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருமக்கூட இல்லை.

மார்னா அவர் காதருகே குனிந்தாள். "இப்ப என்ன நடக்குது?"

"மூக்கு சிந்துறாங்க."

திங்கட்கிழமை கிறிஸ்டா அவரைப் பேண்டு அறைக்கு வரச் சொன்னாள். போட்டியில் நடுவர் வாசிப்பைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்து தருவது வழக்கம். அதைப் போட்டுக் காட்டினாள். நடுவரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. என்ன துணிச்சல், நடுக்காட்சியில் இவர்கள் எதையும் செய்யாமல் நிற்கிறார்கள், இந்த சீசனில் நான் பார்த்த மிகத் தூய்மையான வெறுமை இது, என்றது. கிறிஸ்டா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையிலிருந்து ஒரு தாள் பட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். 24ஆம் தேதி அச்சிட்டிருந்தது.

"எதைத் தள்ளணும்?"

"எதையும் இல்ல."

"அப்போ நான் எதுக்கு டீச்சர்?"

"சுவருக்குப் பின்னால போனதும் பெரிய வகுப்புப் பிள்ளைங்க நாலஞ்சு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்காங்க. என்னடான்னு கேட்டேன். நீங்க அங்க குனிஞ்சிருப்பீங்கன்னு நெனச்சாங்களாம். பின்கோட்டுக்கு வெளிய ஒரு ஆள் நிக்கலாம். விதி இருக்கு. பார்த்துட்டேன்."

பட்டையை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

24ஆம் தேதி மாலை ஏழு மணி பதினேழு நிமிடத்துக்குக் கேட் திறந்தது. மற்ற அப்பாக்கள் சக்கரம் வைத்த மரிம்பா வாத்தியங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கறுப்புச் சட்டையில் வெண்டல் வெறுங்கையோடு நடந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார். பின்கோட்டுக்கு வெளியே போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஆறாவது நிமிடத்தில் டியூபாக்கள் மாடத்தைப் பார்த்து அணி சேர்ந்தன. இருபத்தாறு பேர் அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடிவந்து, அவர் பக்கம் திரும்பிக் குனிந்தார்கள். சிவந்த முகங்கள், திறந்த வாய்கள். கொடிக்காரப் பெண் ஒருத்தி டிஷ்யூவில் மூக்கைச் சிந்தினாள். அதை எங்கே போடுவதென்று புல்லைப் பார்த்தாள், சட்டைக் கையைப் பார்த்தாள்.

பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே வெண்டல் கையை நீட்டினார்.